முதலில் லாக் போட்டவர்

செமிலிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி ஒரு காலைத் தூக்கினால் ஒரு சிக்னல் கோடு வரும் என்பார்கள். தோட்டத்துக் கணக்கர் இருந்த பழைய கிராணி வீட்டின் பின்னறையில் மட்டும் எல்லாக் கோடும் நிமிர்ந்து நிற்கும். ஏனென்று யாரும் கேட்டதில்லை. லாரியில் சாமான்களோடு வந்து இறங்கிய யோகேஸ்வரியும் கேட்கவில்லை. அடுப்பைக்கூட இறக்காமல் முதலில் அந்த அறையில்தான் விளக்கை மாட்டினாள்.

அவள் நேரலையில் சேலை விற்பவள். மதியச் சோறு முடிந்ததும் ஒரு சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்காருவாள். கோட் எண்ணைச் சொன்னதும் முதலில் 'லாக்' என்று எழுதுகிறவருக்கு அந்தச் சேலை. எழுதிவிட்டுப் பின்வாங்கி 'பேக்' அடிக்கிறவர்களைப் பெயர் சொல்லித் திட்டுவாள். பாதிப் பேர் அதைக் கேட்கத்தான் வருவார்கள். கணவன் குணாளன் கூலிம் தொழிற்சாலையிலிருந்து திரும்பும்வரை, ஈர வாசமடிக்கும் அந்த வீட்டில் ஓர் ஊரே அவளோடு உட்கார்ந்திருப்பது போலிருக்கும்.

ஒருநாள் நேரலைக்கு இருளப்பன் வந்தார். படமில்லாத பெயர்.

"லாக். சுவர்க் கடிகாரம்" என்று எழுதினார்.

யோகேஸ்வரி சிரித்தாள். "அது விக்கறதுக்கு இல்ல லா, அண்ணே. சரி, ஆசைப்பட்டுட்டீங்க, உங்களுக்கேதான்! அட்ரஸ் அனுப்புங்க."

"வேணாம். நானே எடுத்துக்கறேன்."

நேரலையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

பயந்தாளா? பயந்தாள்தான். ஆனால் மறுநாள் கதையைச் சொன்னதும் பார்க்கிற கூட்டம் பெருகிவிட்டது. கூட்டம் வந்தால் பயத்துக்கு உட்கார இடம் ஏது? உடைந்த மேசைக் காற்றாடி, ஓட்டைக் குடை என்று அவளே எடுத்துக் காட்டினாள்; இருளப்பன் லாக் போட்டார். நேரலை ஓடும்வரை சாமான் அங்கேயே இருக்கும். நிறுத்தியதும் இருக்காது.

"எங்கம்மா குடுத்த நாற்காலி எங்க?" என்றான் குணாளன்.

"வித்துட்டேன்."

"யாருக்கு?"

"நல்ல கஸ்டமருங்க. டெலிவரி தொந்தரவே இல்ல."

ஒரு மழைநாள் மதியம், தூங்கி எழுந்த மகள் நளினி, வாயில் விரலோடு விளக்கின் முன்னால் வந்து நின்றாள். தஞ்சோங் டாவாயிலிருந்து தினமும் நேரலை பார்க்கிற வாசுகி எழுதினாள்: "பாப்பா என்ன கோட் கா?"

நாக்குக்குப் பழக்கம். "கோட் இருபத்தேழு! முதல்ல லாக் போடறவங்களுக்குத்தான்!"

"லாக்."

இருளப்பன்.

"இல்லண்ணே… வெளாட்டுக்குச் சொன்னேன். பாப்பா விக்கறதுக்கு இல்ல."

"நானே எடுத்துக்கறேன்."

திரையில் சிவப்பு இதயங்கள் பறந்தன. "அக்கா, பேக் அடிக்காதீங்க லா!" என்று யாரோ எழுதிச் சிரித்தார்கள்.

நிறுத்தினால்தானே எடுத்துக்கொள்வார்? யோகேஸ்வரி நிறுத்தவில்லை. பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, கைப்பேசியைச் சார்ஜரில் சொருகிவிட்டு, காட்டிய சேலைகளையே மறுபடி காட்டத் தொடங்கினாள். தொண்டை கட்டியது. இதயங்கள் நிற்கவில்லை. செம்பனை மட்டைகளில் மழை அறைந்தது.

கரண்டு போனது.

விளக்கு அணைந்தது. கைப்பேசியின் மின்கலம் கண்ணெதிரே வடிந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

திரை கறுத்தது.

நளினி மடியிலேயே இருந்தாள். சூடாக, கனமாக. யோகேஸ்வரி அவள் உச்சியை முகர்ந்து முகர்ந்து அழுதாள்.

ஆர்டர் எடுக்க வைத்திருந்த பழைய பட்டன் போன் அடித்தது. வாசுகி.

"கரண்டு போச்சுன்னு சொன்னீங்களே கா, வந்துடுச்சா? லைவ் ஓடுதே."

"இல்ல வாசுகி. என் போன் செத்துப்போச்சு."

மறுமுனையில் குரல் தாழ்ந்தது.

"நீங்க ரெண்டு பேரும் தெரியறீங்க கா. மேலேருந்து."

யோகேஸ்வரி மேலே பார்க்கவில்லை.

"யாரு கா போனைப் புடிச்சிருக்கறது? பாப்பா சிரிக்கறாளே."

மடியில் கிடந்த நளினி, கூரையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.