எறும்பு வந்த இரண்டு கட்டில்கள்

ஜாஸ்பின் ஆஸ்பத்திரி கொடுத்த கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் மெர்வினுக்கு வசதியாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்வதில் அவன் கெட்டிக்காரன்.

அவள் மெர்வினின் மனைவிக்குத் தங்கை. விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக நர்ஸ். வந்திருப்பது நல்லசிவத்தின் வீட்டுக்கு. பட்டாசு ஆலை விபத்துகளை விசாரித்து அறிக்கை எழுதும் அதிகாரியாக இருந்து, 2008 மார்ச்சில்தான் அவர் ஓய்வு பெற்றார். சாம்பலைக் கிளறிப் பார்த்து முதல் பொறி எந்த மூலையில் விழுந்தது என்று சொல்லிவிடுவார். முப்பது வருடம் அதையே செய்ததில், எதைக் கேட்டாலும் முகம் மாறாத மனிதராகிவிட்டார். பஜாரில் டைப்பிங் கடை வைத்திருக்கும் மெர்வின்தான் அவருடைய அறிக்கைகளை அடித்துக் கொடுத்தவன். அறிக்கைகள் நின்ற பிறகும் அவன் தினமும் காலையில் வந்து நின்றான். துப்புத் துலக்க ஏதாவது கிடைக்காதா என்ற நப்பாசைதான்.

"நாளைக்குள்ள பதில் எழுதிக் குடுக்கணும் சார்," என்றாள் ஜாஸ்பின். "இல்லைன்னா வேலை போயிரும். நர்ஸ் கவுன்சிலுக்கும் எழுதிருவாகளாம். அப்புறம் எந்த ஊர்லயும் என்னை ஊசி தொட விட மாட்டாக."

"மொதல்ல இருந்து சொல்லும்மா," என்றார் நல்லசிவம்.

ஆபரேஷனுக்கு முந்தின இரவிலிருந்து நோயாளியைப் பட்டினி போடுவது வழக்கம். பட்டினி கிடந்த உடம்பில் கத்தி பட்டால், அது மிரண்டுபோய் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காது. சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கும். இரண்டு மணி நேரம் முன்னால் மாவுச்சத்துப் பானம் கொடுத்தாலோ, இன்சுலின் சுரந்து, சாப்பிட்ட உடம்பாக ஆபரேஷன் மேஜைக்குப் போகும். அந்த மிரட்சி குறையும். இது நம்மூர் ஆட்களிடம் எப்படி வேலை செய்கிறது என்று அந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் ஞானபூரணி நான்கு மாதமாகச் சோதித்துக்கொண்டிருந்தார். பாதிப் பேருக்கு நிஜப் பானம், பாதிப் பேருக்குச் சாக்கரின் கலந்த எலுமிச்சைத் தண்ணீர். நிறமும் வாசனையும் இனிப்பும் ஒன்றுபோலவே இருக்கும். பாட்டிலில் நோயாளியின் பெயரும் ஒரு நம்பரும் மட்டும். எந்த நம்பரில் எது என்பது டாக்டரின் பீரோவுக்குள். சர்க்கரை வியாதிக்காரர்களைச் சேர்ப்பதில்லை. குடித்த ஒரு மணி நேரத்தில் ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்புவார்கள்.

"அஞ்சாம் கட்டில் அய்யம்மாளுக்கு நிஜப் பானம். அவங்க ரத்தத்துல இன்சுலின் ஏறவே இல்ல. ஆறாம் கட்டில் ராக்காயிக்குச் சாக்கரின் தண்ணி. அவங்களுக்கு அஞ்சு மடங்கு ஏறியிருக்கு. நான் பாட்டிலை மாத்திக் குடுத்துட்டு, சரியாக் குடுத்ததாக் கையெழுத்துப் போட்டேன்னு சொல்றாக."

"லேப்லதான் குப்பி மாறியிருக்கும் சார்," என்றான் மெர்வின். டீ வருவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவது அவன் பழக்கம்.

"அதையும் பாத்தாச்சு அத்தான். ரெண்டு பேருக்கும் வேற வேற ரத்த குரூப். குப்பி மாறல."

நல்லசிவம் கண்ணாடியைத் துடைத்தார். "அவங்க குடிச்சதை நீ பாத்தியா?"

ஜாஸ்பின் கடிதத்தை எடுத்து மடித்தாள். "பாட்டிலைக் கையில குடுத்தேன். அந்நேரம் பாத்து வெடி விபத்துல நாலு பேரைக் கொண்டாந்தாக. ஓடிட்டேன். திரும்பி வந்து காலிப் பாட்டிலைப் பாத்தேன். குடிச்சாங்கன்னு எழுதுனேன்."

மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் அது. நோயாளிகள் இருவரும் இன்னும் வார்டில்தான் இருந்தார்கள். எட்டுக் கட்டில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன இரும்பு அலமாரி. நல்லசிவம் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஐந்தாம் அலமாரியின் கால்களைச் சுற்றியும் ஆறாம் அலமாரியின் கால்களைச் சுற்றியும் சாக்பீஸ் கோடு, பாதி அழிந்த நிலையில். மற்ற ஆறு அலமாரிகளில் இல்லை. கட்டில் போட அடையாளம் வைத்திருப்பார்கள் என்று மெர்வின் நோட்டில் குறித்துக்கொண்டான்.

ராக்காயியின் அலமாரிமேல் பெரிய எவர்சில்வர் டம்ளர் இருந்தது, பெயர் வெட்டியது. "நர்சம்மா குடுத்தாக, குடிச்சேன். வேற என்னத்தச் சொல்ல?" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்தாம் கட்டிலில் அய்யம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கேன்டீன்காரி டீ கொண்டுவந்தாள். "இந்தாக்கா, ஒனக்குச் சீனி போடாதது," என்று வைத்துவிட்டுப் போனாள். இட்லியும் சட்னியும் சாப்பிட்ட தட்டு பக்கத்தில் காலியாக இருந்தது.

வார்டைப் பெருக்கும் கருப்பம்மாளை வராந்தாவில் பிடித்தார்கள்.

"அந்தச் சாக்பீஸ் நீங்க போட்டதாம்மா?"

"எறும்புச் சாக்பீஸ் அய்யா. இவுக ரெண்டு பேரையும் தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போனாகள்ல, அன்னைக்குப் போட்டது. விடியவும் வார்டையே கழுவி விட்டிருந்தேன். அம்புட்டுப் பேரும் பட்டினி, ஒரு பருக்கை கெடையாது. எங்கன இருந்துதான் வந்துச்சோ."

"எது எதுல இருந்துச்சு?"

"அய்யம்மாக்கா அலமாரி மேல பாட்டில் வச்ச தடத்துல, வளையமா. அப்புறம் ராக்காயி டம்ளருக்குள்ள, அடியில மொய்ச்சுக் கெடந்துச்சு."

"ராக்காயி பேரு போட்ட பாட்டில்?"

"அது டம்ளருக்குப் பக்கத்துலதான் நின்னுச்சு. அதை ஒண்ணும் சீண்டலையே."

நல்லசிவம் தலையாட்டினார். "டாக்டரை வார்டுக்கு வரச் சொல்லுங்க," என்றார்.

டாக்டர் ஞானபூரணி வரும்போதே பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். நான்கு மாத உழைப்பு அதில் இருந்தது. கோபப்பட அவருக்கு நியாயம் உண்டு. ஜாஸ்பின் ஐந்தாம் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"ரெண்டு பானத்துக்கும் வித்தியாசம் மனுஷ நாக்குக்குத் தெரியாது, இல்லையா டாக்டர்?" என்று ஆரம்பித்தார் நல்லசிவம். "எறும்புக்குத் தெரிஞ்சிருக்கு. சாக்கரின் பக்கம் அது வரல. ராக்காயி பேரு போட்ட பாட்டில் அவங்க அலமாரியிலேயே நின்னுச்சு, ஒரு எறும்பும் தொடல. அதனால அவங்களுக்குப் போனது சாக்கரின் தண்ணிதான். அய்யம்மாள் அலமாரியில பாட்டில் வச்ச தடத்துல எறும்பு. அதனால இவங்க கைக்கு வந்தது நிஜப் பானம். ஜாஸ்பின் எதையும் மாத்திக் குடுக்கல."

"அப்போ ரத்தத்துல எப்படி மாறுச்சு?" என்றார் டாக்டர்.

"ராக்காயி டம்ளர்லயும் எறும்பு இருந்துச்சே. அஞ்சாம் கட்டில்ல திறந்த பானம் ஆறாம் கட்டில் டம்ளருக்கு எப்படி வந்துச்சு? ஊத்திக் குடுத்தாத்தான் வரும். ஒருத்தர் ரெண்டையும் குடிச்சிருக்காங்க, இன்னொருத்தர் குடிக்கவே இல்ல."

ராக்காயி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தாகம் டாக்டரம்மா. அவ வேண்டாம்னு நீட்டுனா. வீணாப் போகுதேன்னு ஊத்திக் குடிச்சுட்டேன். சொன்னா ஆபரேசன் பண்ண மாட்டீகன்னு பயம்."

"ரெண்டு பாட்டிலா? மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?" டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. அன்று தீக்காயக்காரர்களுக்காகத் தியேட்டரை விட்டுக்கொடுத்ததில் ராக்காயியின் முறை மூன்று மணி நேரம் தள்ளிப்போனது. அதற்குள் வயிறு காலியாகிவிட்டது. அவள் பிழைத்தது அதனால் என்று டாக்டருக்குப் புரிந்தது. வெந்துபோன நாலு பேரை வைத்து ஒருத்திக்கு நல்லது நடந்திருக்கிறது.

"அய்யம்மா ஏன் குடிக்கல?" என்று மெர்வின் முந்தினான். "சுகரை மறைச்சிருக்காங்க சார். சீனி இல்லாத டீ."

"சுகர் இருந்தா ரத்தத்துல தெரிஞ்சிருக்கும், சேத்திருக்கவும் மாட்டாங்க. விரதமும் இல்ல, இட்லி சாப்பிடுறாங்க. இனிப்பு மட்டும் வேண்டாங்கிறாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. அவங்கதான் சொல்லணும்."

அய்யம்மாள் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"போன வருசம் எம்மக சாத்தூர்ல கருப்பட்டி மிட்டாய் வாங்கியான்னா. வாங்கிட்டு அச்சங்குளம் வந்து சேர்றதுக்குள்ள அவ வேலை பாத்த பட்டாசு செட்டு இல்ல." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, வேறு யார் வீட்டுச் சேதியோ போலச் சொன்னாள். "அதுக்கப்புறம் எல்லாம் மரத்துப் போச்சு. அடுப்புல கை சுட்டாத் தெரியல. வயித்தக் கிழிச்சுக் கல்லெடுத்தீக, அதுவும் பெருசா வலிக்கல. இனிப்பு மட்டும் வாயில வச்சா இனிக்குது. அது எனக்கு ஆகல."

"ஜாஸ்பினுக்கு வேலை போகப் போகுதுன்னு தெரியுமா? ஏம்மா சொல்லல?" என்றார் டாக்டர்.

"தெரியாது. யாரும் கேக்கல. காலிப் பாட்டிலைக் கேட்டாக, காட்டுனேன்."

டாக்டர் கடிதத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து ஜாஸ்பினிடம் நீட்டினார். ஜாஸ்பின் 'குடித்தார்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'குடித்ததைப் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை நிலைத்துவிட்டது. இப்போதுதான் அழுதாள். "நான் கேட்டிருக்கணும்க்கா," என்று அய்யம்மாளின் காலைத் தொட்டுச் சொன்னாள். அந்தக் கால் அசையவில்லை.

நல்லசிவம் கிளம்பவில்லை. "மக பேரு என்னம்மா?" என்றார்.

"மாரிசெல்வி."

அவர் மெர்வினைத் திரும்பிப் பார்த்தார். அச்சங்குளத்துச் சாம்பலைக் கிளறியது அவர்தான். பதினோராம் நம்பர் ஷெட், வடகிழக்கு மூலை, காரணம் உராய்வு: அவருக்கு அவ்வளவும் நினைவிருந்தது. பெயர் நினைவில் இல்லை. மெர்வினுக்கு இருந்தது. ஏழு பெயரில் ஐந்தாவது, வயது பத்தொன்பது. அறிக்கையில் அதை அடிக்கும்போது ஓர் எழுத்து பிசகி, வெள்ளை மை தடவி, காயும்வரை ஊதிவிட்டுத் திரும்ப அடித்தான். அன்று ராத்திரி புரோட்டா சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினான்.

கேன்டீன்காரி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். மெர்வின் ஒரு வாய் குடித்தான். இனித்தது. மீதியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.