கட்டியில்லாத அணில்

செத்த அணில் மூச்சு விட்டது.

பாத்திரம் கழுவும் தொட்டியில் இரண்டு அணில்கள் கிடந்தன. இரண்டுக்கும் நெற்றி சிதைந்திருந்தது. ஆனாலும் பெரியதன் தோள்பட்டைத் தோல் மட்டும் மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. அவள் பிடித்த கத்தியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பரணில் குடியேறிய அணில்கள் வயரைக் கடித்துப் போட்டதில் மின்விசிறி செத்துப்போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் சாலைத் தாரை உருக்கிக்கொண்டிருக்க, அடுக்களைக்குள் ரத்த வாடையும் ஈர ரோமத்தின் வாடையும் ஒன்றாய்த் தேங்கி, அதற்குமேல் ஒற்றை ஈயின் ரீங்காரம் நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்தது.

அந்த வீட்டுக்கு அணில் கறி புதிதல்ல. கணவனும் அவன் அண்ணனும் வருடந்தோறும் சுட்டு வருவார்கள், அவள் ஆக்கிப்போடுவாள். ஆனால் குளிர் நன்றாக இறங்கின பிறகுதான். வெயில் காலத்து அணிலுக்குள் வேறு ஏதாவது குடியிருக்கும், தொடாதே என்பார் அண்ணன். இப்போது அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவர் வேண்டாம் என்றதைச் செய்வதில் தம்பிக்குத் தனி ருசி.

பெரியதன் தோல் ஏறி இறங்கிய இடத்தில் ஒரு கட்டி. கட்டியின் நடுவே ஒரு துளை. அதற்குள்ளிருந்து ஈரமாக எதுவோ எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

அவள் கூப்பிட்டதும் கணவன் வந்தான். லாரி மெக்கானிக். கிரீஸ் படிந்த இரண்டு நகங்களால் கட்டியை அமுக்கிப் பிதுக்கி, கொழுத்த புழுவொன்றை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தான்.

"தோலுக்கடியிலதான் இருக்கும். கறியில ஒண்ணும் ஆகாது. ஆக்கு."

"பாப்பாவுக்கு மட்டும் வேணாங்க."

"எங்கண்ணன் சொல்லிக் குடுத்தானா? அவ தட்டுல கறி இல்லன்னா சட்டி உன் தலையிலதான் உடையும்."

அவன் விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை என்பது அவள் நெற்றித் தழும்புக்குத் தெரியும்.

ஆகவே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சின்ன அணிலில் கட்டி இல்லை. நெற்றிக் காயம் போக, கழுத்தில் குண்டு பட்ட ஓட்டை ஒன்றுதான். அப்பாவோடு காட்டிலிருந்து வண்டியில் வரும்போது பாப்பா மடியில் போட்டு, வாலைத் தடவித் தடவிக் கொண்டுவந்த அணில். அதைத் தனியாக ஆக்கி மகளுக்கு வைத்தாள், பெரியதை அவனுக்கு. அவன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டதில் உள்ளூர அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

பாப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனாள். அவன் எலும்பை உறிஞ்சியபடி தன் ஏர்கன் பெருமையை அளந்தான். சின்னது ஓடிக்கொண்டிருந்ததாம். ஒரே குண்டாம். நெற்றியிலாம்.

"கழுத்துலயும் ஒண்ணு பட்டிருந்துச்சே?" என்றாள்.

"கழுத்துலயா?" அவன் சிரித்தான். "நான் தலையைத் தவிர வேற எங்கயும் சுட மாட்டேன். தெரியாதா உனக்கு?"

தெரியும். நன்றாகவே தெரியும்.

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். ஓட்டை இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அப்படியானால் உள்ளே இருந்தது எங்கே?

தொட்டியில் தேடினாள். இல்லை. துணியில், வாளியில், குப்பையில். இல்லை.

மடி.

அறைக்குள் வெக்கை. திரை ஆடவில்லை. பாப்பா குப்புறப் படுத்திருந்தாள், கூந்தல் வேர்வையில் ஒட்டியிருந்தது. மூச்சு இழுத்தால் விலா ஏறியது. விட்டால் இறங்கியது.

கழுத்து அந்தத் தாளத்தில் இல்லை.

கூந்தலை விலக்கினாள். கட்டி. நடுவே துளை. ஈரமாக.

கணவன் செய்தது நினைவுக்கு வந்தது. இரண்டு நகங்கள். அமுக்கினாள். அது வெளியே வரவில்லை. உள்ளே போனது.

"அமுக்காதம்மா," என்றாள் பாப்பா, கண்ணைத் திறக்காமல். "அது பயப்படுது. எல்லாரையும் எழுப்பிடும்."

அவள் சட்டையைத் தூக்கினாள்.

கழுத்திலிருந்து இடுப்புவரை, மகளின் முதுகில் சிறு சிறு துளைகள், ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, மூச்சு விட ஆரம்பித்தன.