முட்டி போட்டுக் கேள்

அரிமளத்தில் ஷர்லி வாடகைக்குப் பிடித்திருந்த பழைய ஓட்டு வீட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து பார்சல் வந்தது. அனுப்பியவன் நிலவழகன். விவாகரத்துக்கும், மகள் பிளெஸ்ஸியைத் தன்னிடம் விடச் சொல்லியும் வழக்குப் போட்டிருக்கும் கணவன். உள்ளே, பேசினால் பதில் பேசும் சம்மனசு பொம்மை; இறக்கை வைத்த குட்டித் தேவதூதன்.

சம்மனசை வேறு எங்கே வைப்பார்கள்? மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதுதான் தப்பாகிப் போனது. செபமாலை முடிந்ததும் அவரவர் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்வது அந்த வீட்டு வழக்கம்.

அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் வாசித்தார்: "'ஆண்டவரே, இன்னிக்கு ஆத்திரத்துல பிள்ளைய அடிச்சிட்டேன்.' சொன்னீங்களா, இல்லையா?"

பிள்ளை கையை விட்டுப் போய்விடும் போலிருந்தது ஷர்லிக்கு.

"பொம்மைய ஒடைச்சிராதீங்க," என்றார் அவள் வக்கீல் செம்மல். "இது வழியா வீட்டுக்குள்ள திருட்டுத்தனமா ஒட்டுக் கேட்டுருக்கான். அதுக்கு இதான் சாட்சி. கோர்ட்டுக்குக் கொண்டு வாங்க."

பேட்டரியைக் கழற்றி வீசிவிட்டுத்தான் அன்று மாலை மெழுகுவர்த்தி ஏற்றினாள். திரி கருகும் வாடை. ஓட்டுக்கு மேல் காற்று கூட இல்லை.

யாரோ மூச்சு விட்டார்கள்.

"அடிச்சிட்டேன்..."

அவளுடைய குரல்தான். பொம்மையிலிருந்து வந்தது.

பிளெஸ்ஸி தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஷர்லிக்குப் பயத்தை மிஞ்சிக் கோபம் வந்தது.

"ஆமா, அடிச்சேன். அன்னிக்குப் பூரா அழுதேன். அதுக்கப்புறம் தொடல. அதையும் போய்ச் சொல்லு!"

கோர்ட்டில் பொம்மையை மேசைமேல் வைத்தார்கள், பேட்டரி மூடி திறந்தபடி. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த நிலவழகன் எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

பொம்மை மூச்சு விட்டது. பிறகு அவன் குரலில் பேசியது.

"பிள்ளை எனக்கெதுக்கு? வாங்கி எங்கம்மாட்ட தள்ளிருவேன். ஷர்லி கெடந்து அழணும்."

அது அவன் சிங்கப்பூர் அறையில் சொன்னது. அப்போது அந்தப் பொம்மை அரிமளத்தில் மாதா பக்கத்தில் இருந்தது.

பேட்டரி இல்லாத பொம்மை சொன்னதை எந்தச் சட்டத்தில் எழுதுவது? நீதிபதி எழுதவில்லை. ஆனால் பிள்ளையைக் கேட்ட மனுவை நிலவழகனே வெளிறிப்போய்த் திரும்பப் பெற்றுக்கொண்டான். ஒட்டுக் கேட்டதற்கு ஷர்லி கொடுத்த புகார் தள்ளுபடியாகாமல் நிலைத்தது. பொம்மைக்கு முத்திரை வைத்துக் கோர்ட்டிலேயே பூட்டினார்கள்.

அன்று மாலை தாயும் மகளும் மண்டியிட்டார்கள். பொம்மை இருந்த இடம் காலியாகக் கிடந்தது. ஷர்லி 'அருள் நிறைந்த மரியே' செபத்தின் முன்பாதியைச் சொன்னாள். மறுபாதி சொல்ல இருந்தது பிளெஸ்ஸி ஒருத்திதான்.

இரண்டு குரல்கள் சொல்லின.

பிளெஸ்ஸி சட்டென்று வாயை மூடினாள். இன்னொன்று நிற்கவில்லை.

ஷர்லி மகளை இழுத்து அணைத்துக்கொண்டு அந்தக் காலி இடத்தை நேராகப் பார்த்தாள்.

"கேக்குறதுன்னா கேளு. முட்டி போட்டுக் கேளு."