செல்வராணியின் வார விடுமுறை

காஹாங் ஊரைத் தாண்டியதும் செம்பனைத் தோட்டம்தான். சாலையின் இரு பக்கமும் ஒரே மரம், அதனடியில் ஒரே இருட்டு. பகலிலும் உள்ளே வெளிச்சம் போவதில்லை. செம்பனை எண்ணெய் மில் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் வாடை வந்தது. வெந்த குலைகளின் புளித்த வாடை. ஐலீன் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

அலுவலகத்தின் கடைசி அறையை அவளுக்குக் கொடுத்தார்கள். ஒரு மேசை. ஒரு கணினி. ஒரு நாற்காலி.

“செல்வராணி இருந்த ரூம்,” என்றார் மேலாளர் கமலநாதன். “போன வருஷம் போயிட்டா. குளுவாங் ரோட்ல, விபத்து.” சற்று நின்றார். “மூணு மாசம் பாப்போம். நல்லா செஞ்சா வேலை கன்ஃபர்ம்.”

இதற்கு முன் இரண்டு இடங்களில் அவளைக் கன்ஃபர்ம் செய்யாமல் அனுப்பியிருந்தார்கள். இந்த நாற்காலியை விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

மில்லின் விவரம் எல்லாம் ஒரு மென்பொருளில் இருந்தது. எந்த லோரி எப்போது வந்தது, எந்தத் தோட்டத்துக் குலை, அதில் பழுக்காத காய் எவ்வளவு. அந்த மென்பொருளுக்குள் குவெரி என்று ஒரு ஜன்னல். வேண்டியதை அதற்குரிய மொழியில் எழுதிக் கேட்டால், மொத்தத்தையும் துழாவிப் பதிலை எடுத்துத் தரும். எழுதியதைச் சேமித்து வைக்கலாம். எல்லோருக்கும் அனுமதி கிடையாது. ஜொகூர் பாரு தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கணினி ஆள் செல்வராணியின் கணக்கை மூடிவிட்டு, ஐலீன் பெயரில் புதிதாக ஒன்றைத் திறந்து கொடுத்தான்.

“அவங்க எழுதின குவெரி எல்லாம் இருக்கு. அதையே ஓட்டுங்க. போதும்,” என்றான்.

ஐலீன் திறந்து பார்த்தாள். சுருக்கமாக எழுதியிருந்தாள் செல்வராணி. ஒரு சொல் கூடுதலாக இல்லை. ஓட்டியதும் பதில் வந்து நின்றது.

ஐலீன் அவற்றை ஓட்டாமல் தானே எழுதினாள். அவளுடையது நீளமாக இருந்தது. ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

“விவரத்தை நாளைக்குத் தரேன் சார்,” என்றாள் கூட்டத்தில்.

“செல்வராணின்னா டீ ஆறுறதுக்குள்ள வந்துரும்,” என்றார் கமலநாதன்.

லோரிகளை எடைபோடும் சந்திரமதி சிரித்தாள். “அவ பேய் மாதிரி வேலை செய்வா லா, சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஐலீனும் சிரித்தாள்.

உயிரோடு இருப்பவள் என்றால் என்றைக்காவது தப்புச் செய்வாள். காத்திருந்தால் போதும். செல்வராணி இனி தப்புச் செய்யப்போவதில்லை.

“அழகா இருப்பாங்களா?” என்று ஒருநாள் சந்திரமதியிடம் கேட்டாள்.

“யாரு, செல்வராணியா? அழகுன்னு சொல்ல முடியாது. எந்நேரமும் தலைவலி. கோடாலித் தைலத்துலயே குளிப்பா.” சந்திரமதி பிஸ்கோத்தை மைலோவில் நனைத்தாள். “ஆனா சார் அவகிட்டதான் சிரிச்சுப் பேசுவாரு. நமக்கெல்லாம் அந்த சிடுமூஞ்சிதான்.”

அன்று மாலை கமலநாதன் அறைக்குள் எட்டிப் பார்த்தார். “செல்வராணி, அந்த காய்க்குலை விவரம்...” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “சாரி. ஐலீன்.”

அவர் போனதும் ஐலீன் செல்வராணியின் குவெரிகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று மென்பொருள் கேட்டது.

அழித்தாள்.

தோளுக்குப் பின்னால் தைலம் மணத்தது.

திரும்பினாள். சுவர்தான் இருந்தது.

அதன்பின் தினமும் அந்த வாடை வந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. சத்தமும் இல்லை. யாரோ பின்னால் நின்று, அவள் எழுந்திருக்கக் காத்திருப்பதுபோல் இருந்தது. கழிவறைக்குப் போய்த் திரும்பினால் நாற்காலி சூடாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை மட்டும் எதுவும் இல்லை. அன்று மதியம் மலாய்க்காரர்கள் தொழுகைக்குப் போய்விடுவார்கள். அலுவலகம் காலியாகும். பயப்பட வேண்டியது அன்றுதான். ஆனால் அன்று அறையில் தைலம் மணக்கவில்லை. நாற்காலியும் குளிர்ந்தே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை தன் குவெரியைத் திறந்தாள். அது அவளுடையதாக இல்லை. நீளமாக இருந்தது சுருங்கியிருந்தது. ஒரு சொல் கூடுதலாக இல்லை. ஓட்டியதும் பதில் வந்து நின்றது.

கமலநாதன் திரையைப் பார்த்தார். “வந்துருச்சே,” என்றார். “செல்வராணி மாதிரியே இருக்கு.”

ஐலீனுக்கு முகம் சுட்டது.

கடைசியாக மாற்றியவர் யார் என்று பார்த்தாள். ஐலீன் என்றது. நாள், ஞாயிறு.

ஞாயிற்றுக்கிழமை அவள் குளுவாங்கில் தேவாலயத்தில் இருந்தாள்.

“உன்னையத்தான் நினைச்சேன்,” என்றாள் சந்திரமதி, எடைமேடையின் ஜன்னல் வழியே. “சண்டே கூட வந்து உழைக்கிறியே. ஒவ்வொரு சண்டேயும் உன் ரூம்ல ஏர்கோன் ஓடுது. சண்டேயும் மில் ஓடுது, வரணும்னு எனக்குத் தலையெழுத்து. ஆஃபீஸ்காரி உனக்கு என்ன லா?”

ஐலீன் திரும்பி அலுவலகத்தின் பக்கம் பார்த்தாள்.

“செல்வராணி காலத்துல சண்டே ஆஃபீஸ் உண்டு. அப்ப ஜொகூர் மாநிலத்துக்கே வெள்ளி, சனிதானே லீவு. அவ போனப்புறம்தான் மாத்துனாங்க. பாவம், அது தெரியாமலே போய்ச் சேந்துட்டா.”

ஒரு லோரி மேடையில் ஏறியது. இரும்பு முனகியது.

ஐலீனுக்குப் புரிந்தது. திங்கள் முதல் வியாழன் வரை செல்வராணி வருகிறாள். நாற்காலியில் ஆள் இருக்கிறது. பின்னால் நிற்கிறாள். வெள்ளியும் சனியும் அவளுக்கு விடுமுறை. ஞாயிறு அவளுக்கு வேலைநாள். அன்று நாற்காலி காலி.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. தன் பெயரில் நுழைந்து, தன் எழுத்தைத் திருத்தி, தனக்குக் கிடைக்கும் ஒரே பாராட்டையும் அவளே வாங்கிக்கொள்கிறாள்.

இறந்த பிறகும் விடமாட்டாளா?

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஐலீன் நேராக மில்லுக்குக் காரை ஓட்டினாள். உச்சி வெயில். அலுவலகத்தில் யாரும் இல்லை. நடைபாதையின் கோடியில் அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. அடியில் குளிர்க்காற்று கசிந்தது.

உள்ளே தட்டச்சு செய்யும் சத்தம்.

வேகமாக. தயங்காமல்.

கதவைத் தள்ளினாள்.

சத்தம் நின்றது. திரை எரிந்துகொண்டிருந்தது. பாதி எழுதிய ஒரு குவெரி. நாற்காலி இலேசாக அசைந்து, அவள் பக்கமாகத் திரும்பி நின்றது. தைலம் கண்ணை எரித்தது.

ஐலீன் கதவருகிலேயே நின்றாள்.

“அக்கா,” என்றாள். அந்தச் சொல்லை அவள் இதுவரை செல்வராணிக்குப் பயன்படுத்தியதில்லை. “இப்ப சண்டே லீவு.”

ஒன்றும் அசையவில்லை.

“நீங்க போனப்புறம் மாத்திட்டாங்க. இப்ப சனி, ஞாயிறுதான் லீவு. வெள்ளிக்கிழமை வேலை. உங்களுக்குத்தான் தெரியல.” குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. ஆனால் அதில் ஒரு சுகம் இருந்தது. “செல்வராணிக்கே தெரியல.”

திரையில் ஒரு சிறு பெட்டி திறந்தது. குவெரி ஓடுவதற்கு முன் விவரம் கேட்கும் பெட்டி. அதில் ஒரே ஒரு கட்டம்.

தொடக்கத் தேதி.

அடுத்த வேலைநாள் எது என்று கேட்கிறாள். ஐலீன் மேசைக்குப் போனாள். நாற்காலியைத் தொடாமல், குனிந்து, மறுநாள் தேதியைத் தட்டினாள். திங்கட்கிழமை.

பெட்டி மூடிக்கொண்டது.

நாற்காலி மெல்ல நகர்ந்து மேசைக்குள் ஒழுங்காகப் போய் நின்றது. ஏர்கோன் அணைந்தது. திரை அணைந்தது. வாடை அவள் பக்கமாக வந்தது, அவளைக் கடந்தது, நடைபாதையில் தேய்ந்தது.

ஐலீன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை நடைபாதையில் பாதி தூரம் வந்ததும் சிரிப்பு நின்றது.

தட்டச்சுச் சத்தம்.

கதவின் கைப்பிடியைத் திருப்பினாள். திரும்பியது. தள்ளினாள். பூட்டவில்லை. மறுபக்கம் யாரோ முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பதுபோல் கதவு கனத்தது.

எடைமேடைக்கு ஓடினாள். சந்திரமதி வெளியே ஒரு ஓட்டுநருடன் பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணினியில் ஐலீன் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினாள்.

ஐலீன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்றது.

மறுபடி தட்டினாள்.

ஐலீன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.

இன்றைய தேதியைத் தொடக்கமாகத் தட்டிக் கொடுத்தவள் அவளேதான். அலுவலகத்துக்குத் திரும்பி வந்தாள். கமலநாதனின் கண்ணாடி அறைக்கு எதிரே நடைபாதையில் நின்றாள். அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் திரையில், காலையில் அனுப்பப்பட்ட விவரம் வரிசை வரிசையாக நிறைந்திருந்தது. அனுப்பியவர் ஐலீன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார்.

கடைசி அறையில் மணி அடித்தது.

தட்டச்சு நின்றது. மணியும் நின்றது.

“ஐலீன் பேசுறேங்க சார்,” என்றது ஒரு குரல், கதவுக்குப் பின்னாலிருந்து. அவள் குரல் இல்லை.

கமலநாதனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

“மூணு மாசமெல்லாம் எதுக்கு? இன்னைக்கே போட்டுட்டேன்,” என்றார். “கன்ஃபர்ம்.”

கதவுக்குப் பின்னால் அந்தக் குரல் தணிவாக ஏதோ சொன்னது. ஐலீனுக்குக் கேட்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் கமலநாதன் வாய்விட்டுச் சிரித்தார்.