நடுக்கூடத்துப் பெட்டியும் நாலு எறும்பும்

மதியம் 2.10. நடுக்கூடத்து மாடத்தில் இருந்த வெள்ளைப் பெட்டியைக் காணவில்லை.

உள்ளங்கை அகலப் பெட்டிதான். ஆனால் பதினோரு அறைகள் வரிசையாக நீளும் அந்தத் தோட்ட வீட்டில், முன்கூடத்துப் பெட்டியிடமிருந்து வைஃபையை வாங்கிப் பின்பக்கம் கடத்துவது அதன் வேலை. கடைசி அறையில் மூத்த மகனின் மனைவியான மருமகள் இருந்தாள். மருத்துவமனை அனுப்பும் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுபவள். இனி வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் இன்று நான்கு மணிக்குள் இருபது படங்கள் தடங்கலில்லாமல் முடிய வேண்டும் என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. முடியாவிட்டால் நாளை முதல் நகரத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான். சூட்கேஸ் பாதி அடுக்கியாயிற்று.

பெட்டி இல்லை என்று கண்டுபிடித்தவர் சித்தி. வீட்டுக்காரம்மாவின் தங்கை, குற்றப் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பெட்டி இன்னொன்றுக்குக் கடத்தும் இந்த மெஷ் வைஃபை செட்டுகளில் அடுத்து எதை வாங்கலாம் என்று யோசனை கேட்கத்தான் வரச்சொல்லியிருந்தார்கள். 1.40க்கு உள்ளே நுழைந்தபோது பெட்டி மாடத்தில் இருந்தது. அதன் மேல் நாலு எறும்பு ஊர்ந்ததையும் பார்த்திருந்தார். வேலை விட்டாலும் பழக்கம் விடவில்லை.

2.15. முதலில் சின்னவனைப் பிடித்தார். வீட்டின் இளைய மகன். அந்தக் குடும்பத்துக்குத் தேன் வியாபாரம்: அப்பா எடுப்பார், அம்மா பாட்டிலில் அடைப்பார், சின்னவன் இணையத்தில் விற்பான்.

"இது எத்தனாவது செட்டு?"

"மூணாவது சித்தி. முதல் ரெண்டும் கடைக்கே திரும்பிப் போயாச்சு. என்னைப் பார்த்தாலே கடைக்காரர் ஷட்டரை இறக்குறார்."

"என்ன கோளாறு?"

"ரெண்டு மணிக்குப் படுத்துடும். நாலு மணிக்கு எழுந்திடும்."

"மூணுமா? ஒரே கம்பெனியா?"

"மூணும்தான். கம்பெனி வேற வேற."

"உனக்கும் படுக்குதா?"

"என் ரூம் நடுவுல. எனக்குச் சுத்தமா செத்துடும். இப்பக்கூட ஒரு ஆர்டர் அந்தரத்துல தொங்குது." குரலைத் தாழ்த்தினான். "சித்தி, அம்மாவா இருக்குமோ? பெட்டி கண்ணைச் சிமிட்டுதுன்னு முதல் நாளே புலம்பினாங்க. தொட்டா கையை ஒடிச்சுடுவேன்னு வேற எல்லாரையும் மிரட்டி வெச்சிருக்காங்க. யாரும் மாடத்துப் பக்கமே போறதில்ல."

"உங்கம்மா இப்ப எங்கே?"

மூன்றாவது அறையிலிருந்து வந்த குறட்டையே பதில் சொன்னது.

"தினமும் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும். கடிகாரமே அம்மாவைப் பார்த்துத்தான் மணி திருத்திக்கும்," என்றான் சின்னவன்.

2.22. கடைசி அறை. கணினித் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மருமகளின் கண்கள் கலங்கியிருந்தன.

"ஏழாவது படத்தோட நின்னுடுச்சு சித்தி. தினமும் இதே கதை."

"பெட்டி இருக்கான்னு ஒருநாளும் போய்ப் பார்க்கலையா?"

"போன்ல கோடு ஃபுல்லா காட்டுதே! பெட்டி நல்லா ஓடுதுன்னுதான் நெனச்சேன்." தயங்கினாள். "அத்தைக்கு நான் இங்கே இருக்குறது பிடிக்கலையோ என்னவோ. சொல்லக்கூடாது. ஆனா தோணுது."

சித்தி போனை வாங்கிப் பார்த்தார். நான்கு கோடுகள், நான்கும் முழுசாக. வெளியே வரும்போது அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்திருந்தது.

2.30. பக்கத்து அறை சரக்கறை. இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். உள்ளே மாமனார், டின்களுக்கு நடுவில் உட்கார்ந்து தேன் வடிகட்டிக்கொண்டிருந்தார். மனிதர்களோடு பேசுவதைவிடத் தேனீக்களோடு அதிகம் பேசுகிறவர்.

"அத்தான், பெட்டியைக் காணோம்."

"அப்படியா?" என்றார், நிமிராமல்.

2.38. எல்லோரும் நடுக்கூடத்தில். எழுப்பப்பட்ட வீட்டுக்காரம்மா கொதித்துக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுல திருட்டா?"

"திருட்டு இல்லக்கா. மூணு கம்பெனிச் சாமானும் ஒரே மணிக்குப் படுக்குமா? கோளாறு ஆள்ல இருக்கு. நீ தூங்குற நேரத்துல மட்டும் நடக்குது. அப்ப உனக்குப் பயப்படுற ஆளு."

"அப்படிப் பார்த்தா எல்லாரும்தான்," என்றான் சின்னவன்.

"நீ இல்லடா. உன் வியாபாரத்தை நீயே கெடுத்துப்பியா? பெட்டி மேல எறும்பு ஊருது. தேன் பட்ட கை தொட்டிருக்கு. அக்காவோட குறட்டையை நானே கேட்டேன். மிச்சம் ஒருத்தர்தான்."

எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். மருமகளுக்கு முகம் வாடிவிட்டது. "மாமாவா? நான் போகணும்னு மாமாவா நெனச்சாங்க?"

"அவசரப்படாதம்மா. நீங்க எல்லாரும் கோட்டை விட்டது ஒண்ணு இருக்கு. உன்னை விரட்டணும்னா பெட்டியைத் தூரமா கொண்டுபோயிருப்பார். உன் போன்ல கோடு குறைஞ்சிருக்கும். உனக்கோ நிறைஞ்சு வழியுது. அப்ப பெட்டி உன் பக்கத்துலயே இருக்கு. அத்தான், தேன் டின்னுக்குப் பின்னாடிதானே சொருகி வெச்சிருக்கீங்க?"

மாமனார் தலையைச் சொறிந்தார். போய் எடுத்து வந்தார்.

"புள்ள கடைசி ரூம்ல உட்கார்ந்து தவிக்குது. பெட்டி பக்கத்துல இருந்தா நல்லா வருமேன்னு நெனச்சேன். இவ தொடக்கூடாதுன்னுட்டா. அதான் இவ தூங்கின பிறகு எடுத்துட்டுப் போய், எழுறதுக்குள்ள திருப்பி வெச்சுடுவேன்..."

"அத்தான், அது முன்கூடத்துல வாங்கிப் பின்பக்கம் கொடுக்குற பெட்டி. கிணத்துல இறைச்ச வாளியைக் கைமாத்தி விடுற ஆளு நடுவுலதானே நிக்கணும்? நீங்க அவனைக் கொண்டுபோய் இவ பக்கத்துல நிறுத்திட்டீங்க. வாளி அவன் கைக்கு எப்படி எட்டும்?"

சின்னவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அப்ப முதல் செட்டே நல்லாத்தான் இருந்திருக்கு! இனிமே எந்த மூஞ்சியோட அந்தக் கடைக்குப் போவேன்? சரி, எதைத்தான் வாங்குறது?"

"இதையே வெச்சுக்கோ. மாடத்தை விட்டு நகராத எந்த செட்டும் நல்ல செட்டுதான்."

2.50. பெட்டி மாடத்துக்குத் திரும்பியது. வீட்டுக்காரம்மா கணவரை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் மாமனாருக்கு அதிகப் பயமாக இருந்தது. அந்த அம்மாள் ஒரு நாற்காலியை மட்டும் இழுத்துக்கொண்டு போனார்.

3.54. இருபதாவது படம் முடிந்தது. வீட்டிலிருந்தே தொடரலாம் என்று மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது. மருமகள் ஓடி வந்தாள். நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள்.

மாடத்தை மறித்துப் போட்ட நாற்காலியில் அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். பெட்டியின் வயர் அவர் விரலில் சுற்றியிருந்தது.

"அத்தை," என்று மெல்லத் தோளைத் தொட்டாள்.

கண் திறக்காமலே குரல் வந்தது. "பெட்டியைத் தொட்டா கையை ஒடிச்சுடுவேன்."

"நான்தான் அத்தை. இருபதும் முடிஞ்சுடுச்சு."

அத்தை கண்ணைத் திறந்தார். "அப்ப முதல்ல போய் அந்த சூட்கேஸைக் காலி பண்ணு. அதைப் பார்த்த நாளா எனக்குச் சாப்பாடே இறங்கல."

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அவள் சூட்கேஸைக் காலி செய்யப் போனாள்.