அண்டைப்பட்டியலில் இல்லாத வீடு

இடைக்கதவுக்கு இந்தப் பக்கம், பதினான்காம் வீட்டில், ஆவுடையப்பனும் அவர் மனைவி கோமுவும். அந்தப் பக்கம், பதினைந்தாம் வீட்டில், அவருடைய தம்பி சுடலைமுத்து. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக, ஒன்பதாம் வீட்டுச் செண்பகவடிவு கோமுவின் அருகில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நிலைப்படியில், பழுதுபார்க்கும் இயந்திரமான பழுதாள் நின்றிருந்தது. அதை ஓர் ஆளாகக் கணக்கில் சேர்ப்பதா என்பது அவரவர் விருப்பம். அன்று அதிகம் பேசியது அதுதான்.

வந்த வேலை சின்னது. கதவைச் சுவராக்க வேண்டும்.

தென்மடுவில் இது அடிக்கடி நடப்பது. நிலவின் தென்முனைப் பள்ளத்தில், தரைக்கு அடியில் குழாய் குழாயாகக் கட்டிய ஊர் அது. தேவையில்லாத கதவு என்றால் காற்று கசிய இன்னொரு வழி. ஆகவே தேவையில்லாத கதவுகளை ஊரை நடத்தும் வலை கண்டுபிடித்து அடைத்துவிடும். யாரும் மனுப் போடுவதில்லை, யாரும் கையெழுத்துப் போடுவதுமில்லை.

ஒரு காலத்தில் பூமியில் கைப்பேசிக் கோபுரங்களின் மேல் ஆட்கள் ஏறி, கருவியை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்தார்கள். பிறகு கோபுரங்களே தங்களைத் திருத்திக்கொள்ளப் பழகின. அந்தப் பழக்கத்தின் பேரப்பிள்ளைதான் தென்மடுவின் வலை. புது வீடு கட்டினால், அலை வாங்கி அனுப்பும் அதன் அலைமாடம் தானே விழித்து, தானே தன்னை அமைத்துக்கொள்ளும். எங்கே நெரிசலோ அங்கே வலுவைக் கூட்டும். ஒரு மாடம் செத்துப்போனால் பக்கத்து மாடங்கள் கை நீட்டி அந்த ஓட்டையை மூடும். நிலவில் அலைக்கும் காற்றுக்கும் கதவுக்கும் பொறுப்பு ஒன்றே, எல்லாம் வலைதான்.

ஒவ்வொரு மாடத்துக்கும் ஓர் அண்டைப்பட்டியல் உண்டு. காதுக்குள் செவிச்சில்லு வைத்த மனிதர் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குள் நடந்தால், முதல் மாடம் அவரை அடுத்த மாடத்திடம் ஒப்படைக்கும். அதற்குக் கைமாற்றம் என்று பெயர். கைமாற்றம் நடக்கும் வீடு பட்டியலில் இருக்கும். நடக்காத வீட்டை மாடம் மெல்ல மறந்துவிடும். சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்தாலும் சரி.

பதினான்கும் பதினைந்தும் ஒன்றையொன்று மறந்து வெகுநாளாகிவிட்டது.

தாய் பூமியில் சாகக் கிடந்தபோது, அங்கே போகும் விண்ணோடத்தில் ஒரே ஓர் இருக்கைதான் இருந்தது. தாய்க்குக் கொள்ளி வைப்பது இளையவன்தான். அதில் ஆவுடையப்பனுக்கு வழக்கில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமல் தம்பி ஏறிப் போனதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவன் திரும்பி வந்த அன்று இவர் இடைக்கதவைச் சாத்தினார். ஒன்பது வருடம் அது சாத்தியே கிடந்தது. இன்று மூடும் வேலைக்காகப் பழுதாள்தான் அதைத் திறந்திருந்தது.

அதற்காகப் போக்குவரத்து நின்றுவிடவில்லை. கோமு வைக்கும் புளிக்குழம்பு செண்பகவடிவு வீட்டுக்குப் போய், அங்கிருந்து சுரங்கப் பாதை முழுக்கச் சுற்றிக்கொண்டு பதினைந்துக்குப் போனது. தம்பிக்குத் தூசி நுரையீரல். வாங்கிக்கொள்ளத் தன் வாசலுக்கு வருவதே அவனுக்குப் பெரும்பாடு. காலிப் பாத்திரமும் ‘உப்பு கொஞ்சம் கம்மி’ என்ற செய்தியும் அதே வழியில் திரும்பின. ஆவுடையப்பன் எதையும் பார்க்காதவர் போல இருந்தார். வலை எல்லாவற்றையும் பார்த்தது. ஒன்பதாம் வீட்டு மாடத்துக்கு ஊரிலேயே இல்லாத வலுவைக் கொடுத்தது. அந்த வழிக்கு விளக்கு போட்டது, தள்ளுவண்டி விட்டது. சுற்றுவழியை அவ்வளவு அழகாகச் செம்மைப்படுத்திய பிறகு நேர்வழிக் கதவு எதற்கு?

“இந்தக் கதவை மூடுவதில் எதிர்ப்பு உண்டா?” என்று பழுதாள் கேட்டது. “இரு வீட்டாரில் ஒருவர் ஒருமுறை கடந்தால் போதும். மூடும் ஆணை தள்ளிவைக்கப்படும்.”

“அவன்ட்டக் கேளு,” என்றார் ஆவுடையப்பன்.

பழுதாள் தலையைத் திருப்பியது. “உங்களைக் கேட்கச் சொல்கிறார்.”

“மூத்தவரு அவருதான?” என்றான் சுடலைமுத்து, கட்டிலில் சாய்ந்தபடி. “அவரு என்ன சொல்லுதாரோ அதான்.”

“நீங்கள் சொல்வதே முடிவு என்கிறார்.”

“அடேயப்பா, மரியாதை! ஓடம் ஏறும்போது எங்க போச்சாம் இந்த மூத்தவரு?”

“ஓடம் ஏறும்போது மூத்தவர் எங்கே போனார் என்று கேட்கிறார்.”

“ஏ, இதையெல்லாமா கொண்டு போய்ச் சொல்லுவ?” என்று கோமு அதட்டினாள். “செம்பகம்னா வடிகட்டிச் சொல்லுவா.”

“வடிகட்டி வடிகட்டி என் வாயே சல்லடையாப் போச்சு மதினி,” என்றாள் செண்பகவடிவு. “அண்ணாச்சி ஒண்ணு திட்டுவாக, நான் ‘ஒடம்பப் பாத்துக்கிடச் சொன்னாரு’ன்னு போய்ச் சொல்லுவேன். சின்னவுக ஒண்ணு திட்டுவாக, நான் ‘விசாரிச்சாரு’ம்பேன். இது மக்கு மெஷினு, அதுக்கு என்ன தெரியும்?”

ஆவுடையப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தார். தம்பி விசாரித்ததாக வந்த செய்திகளில் பாதி இவள் சமைத்ததா?

“நான் தாண்டிருவேங்க,” என்றாள் கோமு தணிந்த குரலில். “ஒரு எட்டு. ஆனா நான் தாண்டுனா அது கதவுக்குத்தான் ஆகும். ஒங்களுக்கு ஆகாது.”

ஒன்பது வருடமும் அந்தக் கதவு ஆவுடையப்பனுக்கு ஒரு சௌகரியமாக இருந்தது. நினைத்தால் நாளைக்கே போய்விடலாம், கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறான் என்று தினமும் படுக்கப் போகலாம். சுவராகிவிட்டால் அந்தச் சௌகரியம் போய்விடும். பிறகு அவர் போகாத மனிதர், அவ்வளவுதான்.

“இரு தரப்பும் மற்றவரைக் கேட்கச் சொல்வதால், எதிர்ப்பு இல்லை எனக் கொள்ளப்படுகிறது,” என்றது பழுதாள். அதன் கையிலிருந்து சாம்பல் நிற நுரை நிலைப்படியில் வழிந்தது. விளிம்பில் தொட்ட இடத்தில் கல்லாகத் தொடங்கியது.

சுடலைமுத்து இருமினான். இருமி முடித்து, “ஏ பழுதாளு,” என்றான். “அண்ணன்ட்டச் சொல்லு. அம்ம மொகத்த நானும் பாக்கலன்னு.”

“மூடும் பணி நடக்கும்போது செய்தி எடுத்துச் செல்ல இயலாது,” என்றது பழுதாள், நுரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எடுத்துச் செல்ல ஆளில்லாத அந்தச் சொல் அறையில் நின்றது. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே எட்டடி தூரம். இதுவரை பேசிய ஒவ்வொன்றும் இருவர் காதிலும் நேராகத்தான் விழுந்திருந்தது.

“என்னது?” என்றார் ஆவுடையப்பன். பழுதாளிடம் அல்ல.

தம்பி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். “ஓடம் எறங்க எடங் கெடைக்காம மேலயே சுத்திக்கிட்டு நின்னுது. நான் போறப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. பக்கத்து வீட்டுப் பையன் கொள்ளி வச்சிருந்தான். எனக்குச் சாம்பல்தான் கெடச்சுது.”

“ஏம்ல சொல்லல?”

“செம்பகத்துக்கிட்டயா சொல்லியனுப்ப? குழம்புப் பாத்திரத்தோட சேத்து?”

செண்பகவடிவு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இதை எப்படி வடிகட்டியிருப்போம் என்று அவளுக்கே தெரியவில்லை.

நுரை கணுக்கால் உயரம் வந்திருந்தது. ஆவுடையப்பன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டினார். ஒரு செருப்பு நுரையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. மற்றதோடு போய்த் தம்பியின் கட்டிலில் உட்கார்ந்தார். எங்கே கை வைப்பது என்று தெரியாமல் அவன் முட்டியில் வைத்தார்.

“எலும்பா இருக்கியேல,” என்றார்.

“மதினி குழம்புல உப்பு கம்மி,” என்றான் அவன். இரண்டு பேருக்கும் சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்று வந்தது.

பழுதாள் நுரையை நிறுத்தியிருந்தது. தலைக்குள் ஊர் முழுவதும் உள்ள மாடங்களோடு பேசிக்கொண்டிருந்ததால் அதன் நெற்றி விளக்கு வேகமாகத் துடித்தது. பிறகு சொன்னது:

“பதினான்காம் வீட்டுச் செவிச்சில்லு ஒன்று பதினைந்தில் இருப்பதாகத் தெரிகிறது. ஒன்பது ஆண்டுகளில் இப்படி நடந்ததில்லை. அளவீட்டுப் பிழையாக இருக்கலாம். அல்லது கதவில் கசிவு.”

“பிழையாவது ஒண்ணாவது!” என்று கோமு எழுந்தாள். “மனுசன் நெசமாவே தாண்டிப் போயிருக்காரு. கண்ணு இருக்குல்லா? பாரு.”

“பதினான்காம் வீட்டாரின் கூற்றை நிறுத்துப் பார்த்தேன். இந்தக் கதவு பற்றி அவர்களிடம் பழைய தரவு இல்லை. நம்பத்தகுந்த அண்டை ஒன்றின் உறுதி தேவை.” பழுதாள் செண்பகவடிவின் பக்கம் திரும்பியது. இரண்டு வீட்டைப் பற்றியும் வலைக்குத் தெரிந்தது எல்லாம் அவள் வழியாக வந்ததுதான். “இந்தக் கைமாற்றம் நிலைக்குமா?”

இந்தக் கேள்விக்குக் கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. கண்ணில் நீரோடு, நிறைந்த மனதோடு, செண்பகவடிவும் அதையே சொன்னாள்:

“யாரு கண்டா? அண்ணன் தம்பி! இன்னைக்கு ஒட்டிக்கிடுவாக, நாளைக்கு வெட்டிக்கிடுவாக. எத்தன வீட்டுல பாத்திருக்கேன்.”

பழுதாளின் விளக்கு அமைதியானது. ஊரின் மிகச் சிறந்த அண்டை சொல்லியாயிற்று. ஒன்பது வருடத் தரவும் அதையேதான் சொன்னது. ஒரு மதியத்தை நம்பி ஒன்பது வருடத்தைத் தள்ளிவைக்க வலைக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

“கசிவு உறுதி. பழுது நீக்கப்படுகிறது. பதினைந்தில் இருப்பவர் பதினான்குக்குச் செல்ல, ஒன்பதாம் வீட்டு வழியைப் பயன்படுத்தவும்.”

பழுதாள் பதினான்காம் வீட்டுப் பக்கம் விலகியது. கதவுப் பலகை பக்கச் சுவரிலிருந்து நுரையை ஒட்டி நகரத் தொடங்கியது.

“ஏ, நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?” என்று செண்பகவடிவு பதறினாள். “மதினி, நான் நல்லாத்தான சொன்னேன்?”

“அண்ணே, கதவு சாத்துது,” என்றான் சுடலைமுத்து. “போறதுன்னா இப்பவே ஓடிரு.”

“இருல. நீ அம்மயப் பத்திச் சொல்லு. சாம்பல எங்க கரைச்ச?”

“ஏங்க!” கோமுவின் குரல் ஒடுங்கும் இடைவெளி வழியே வந்தது. “சாயங்காலச் சாப்பாட்ட யாருட்டக் குடுத்துவிட?”

பதிலுக்கு இடமில்லாமல் பலகை வந்து நிலையில் மோதியது. உள்ளே தாழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஆவுடையப்பன் திரும்பிப் பார்க்கவில்லை.