சிவப்புக் காரின் ஏழு பொத்தான்கள்

மச்சான் பதுளையிலிருந்து அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தியது ஒரு வியாழக்கிழமைப் பகல். லுஹர் தொழுகை முடிந்து வந்த காத்தான்குடி ஆண்கள் பாதிப்பேர் வீட்டுக்குப் போகாமல் அதைச் சுற்றி நின்றுவிட்டார்கள். நானும் ராத்தாவும் ஜன்னல் இடுக்கால் பார்த்தோம். ராத்தா என்றால் எங்கள் ஊரில் அக்கா. அவள் பெயர் றபீக்கா. மச்சான் என்று நான் சொல்வது அவளுடைய மாப்பிள்ளை சரீபை. எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். ஏறாவூரிலிருந்து வந்து ஒன்பது மாதம் ஒழுங்காக இருந்த மனிதர், திடீரென்று இப்படி ஒரு வாகனத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

அது கார் என்றே முதலில் எனக்கு விளங்கவில்லை. உடம்பெல்லாம் சிவப்பு. மூக்கு மட்டுமே ஒரு மாட்டு வண்டில் நீளம். அதைத் தோல் பட்டியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். புகைக்குழாயும் கைப் பிரேக்கும் உள்ளே இருக்க மாட்டோம் என்று சண்டை பிடித்ததுபோல வெளியே கிடந்தன. ஹோர்ன் ஒரு பித்தளைப் பாம்பு. பின்பக்கம் தோணியின் அணியத்தைத் திருப்பி வைத்த மாதிரிக் கூராக முடிந்தது. கதவோ ஒன்றே ஒன்று, இடப்பக்கம். ஓட்டுகிறவர் வலப்பக்கத்தால் காலைத் தூக்கிப் போட்டுத்தான் ஏறவேண்டும்.

"இங்கிலாந்தில இந்த மாதிரிப் பன்ரெண்டுதான் செஞ்சாங்களாம். இலங்கையில இது ஒண்டுதான்" என்றார் மச்சான். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துரையிடம் வாங்கினாராம்.

"ஒண்டு போதும். ரெண்டு இருந்தா ஊர் தாங்காது" என்றேன் நான். ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கண்டதில்லை.

காருக்கு மூடி இல்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் திறந்த காரில் எப்படிப் போவது? மச்சான் தையல்காரரைக் கூப்பிட்டுக் கித்தானில் கூரையும் சுற்றுத் திரையும் தைப்பித்தார். கதவுப் பக்கத்துத் திரைக்கு ஏழு பித்தளைப் பொத்தான்கள். காற்றில் கழன்றுவிடாதபடி அவற்றை வெளியில் வைத்துத் தைத்திருந்தார்கள். காருக்கு முக்காடு போட்டாயிற்று என்று ஊர் சிரித்தது. திரைக்கு உள்ளேயிருந்து அந்தப் பொத்தான்களைத் திறக்க முடியாது என்பது ஒருவர் மனதிலும் படவில்லை. திரை என்பது வெளியே இருக்கிற கண்ணுக்காகத்தானே.

அந்தக் காரில் போவது ஒரு சந்தோசம், அதை மறைக்கமாட்டேன். மச்சான் மூன்றாம் கியரைப் போட்டதும் வயிற்றுக்குள் ஒரு குளிர் இறங்கும். கித்தான் படபடவென்று அடிக்கும். ராத்தாவும் நானும் ஒரே ஆசனத்தில் ஒடுங்கிக்கொண்டு, அவள் கலிமாவும் நான் சிரிப்புமாகக் கல்லடிப் பாலம்வரை போய்வருவோம்.

1936, மாசி மாதம். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், எங்கள் வயல் வட்டையில் வேளாண்மை வெட்டு, நெல் அறுவடை. காரிலேயே போய்ப் பார்ப்போம் என்று மச்சான் ஒற்றைக்காலில் நின்றார். வாவியைக் கடக்கப் பாதையில் ஏறவேண்டும். பாதை என்பது இரண்டு பெரிய தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்து, கயிற்றைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோகிற மிதவை. வண்டிலோ காரோ ஏறினால் ஆட்கள் இறங்கி நிற்கவேண்டும் என்பது துறைச் சட்டம்.

"போடியார், பொம்புளையளையும் இறங்கச் சொல்லுங்க" என்றார் பாதைக்காரர் கோணாமலை. வயல்காரரைப் போடியார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ராத்தா இறங்கவில்லை. பாதை நிறைய வெட்டுக்காரர்கள், எல்லாம் அந்நிய ஆண்கள்.

"நஸீறா, எல்லாரும் பாக்கிறாங்க கா. திரையைப் பூட்டு புள்ள" என்றாள்.

மச்சான் வலப்பக்கமும் பின்பக்கமும் பூட்டிக்கொண்டு வந்தார். கதவுப் பக்கத்தை நான் பூட்டினேன். ஏழு பொத்தான். டப், டப் என்று ஒவ்வொன்றாக. கடைசிப் பொத்தானுக்கு முன் அவள் மூக்கைக் கித்தானால் ஒருமுறை நெருக்கி விளையாடினேன். உள்ளே அவள் சிரித்தது கேட்டது.

அக்கரையில் பாதை முட்டியபோது சக்கரத்துக்கு வைத்த கட்டை நழுவியது. கார் பின்னால் உருண்டது. தோணி மாதிரியான அந்த வால், தோணி மாதிரியே வாவிக்குள் இறங்கியது.

கொஞ்ச நேரம் மிதந்தது.

அந்தக் கொஞ்ச நேரத்தில் யாராவது ஏழு பொத்தானையும் திறந்திருக்கலாம். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கரைப் பள்ளியில் பின்னேரத்து அஸர் பாங்கு சொன்னார்கள். கார் போய்விட்டது.

கோணாமலை கத்தியோடு மூன்று முறை மூழ்கித்தான் அவளை எடுத்தார். அவளுடைய பத்து விரலிலும் நகம் பிய்ந்திருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது வாப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆரு பூட்டின?"

"நான்தான் மாமா. எல்லாத்தையும் நான்தான் பூட்டினன்" என்றார் மச்சான், தலையில் அடித்துக்கொண்டு. தான் பூட்டியது எது, பூட்டாதது எது என்று அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருடம் என்னை அவருக்கே கட்டிவைத்தார்கள். ராத்தாவுக்குப் பிள்ளை இல்லை, வீடு எனக்கு வந்தது, மாப்பிள்ளை ஏற்கெனவே வீட்டில் இருக்கிறார். பெரியவர்களுக்கு இதைவிட இலேசான கணக்கு வேறு எது? கூப்பிடுகிற பெயரைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. மச்சான் மச்சான்தான்.

எருமைகளைக் கட்டி இழுத்தெடுத்த காரை அவர் விற்கவில்லை. ஆறு மாதம் கழற்றிப் பூட்டி மறுபடி ஓடவைத்தார். கிழிந்த இடத்தைத் தைத்துத் திரையையும் மாட்டினார். ஆனால் கதவுப் பக்கத்துப் பொத்தானை மட்டும் தொடமாட்டார். திரை எப்போதும் சுருட்டியே இருக்கும்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு கார் நிற்கிற கொட்டிலுக்குப் போனேன்.

திரை இறங்கியிருந்தது. ஏழும் பூட்டியிருந்தது.

திறந்து சுருட்டி வைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் எனக்கு முன்னால் மச்சான் அங்கே நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. கொட்டிலில் வாவியின் வாசம், சேறும் பாசியும் வெயிலில் காய்கிற வாசம்.

"அவ கரை சேரயில்ல நஸீறா" என்றார் மெதுவாக. "பாதிவழியில நிக்கிறா. ஒருக்காக் கொண்டுபோய் அக்கரையில விட்டா போயிருவா. நீயும் வா. தனியப் போக அவக்குப் பயம்."

இதற்கு மேல் ஒரு மனிதரை எப்படி வேக வைப்பது? அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். "வாறன் மச்சான்" என்று மட்டும் சொன்னேன்.

ராத்தாவின் இடத்தில் தனியே உட்கார்ந்து போனேன். மச்சான் மூன்றாம் கியர் போடவில்லை. ஆள் நடக்கிற வேகத்தில் கொண்டுபோனார், நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிறவர்போல. துறையில் அதே கோணாமலை. காரைக் கண்டதும் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வேறு ஆட்களை அவர் ஏற்றவில்லை.

பாதையில் ஏறியதும் மச்சான் குதித்து இறங்கி முன்சக்கரத்துக் கட்டையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார்.

"இறங்கு நஸீறா" என்று அங்கேயிருந்து சொன்னார்.

இறங்கத்தான் போனேன். கால் அசையவில்லை. கட்டிப்போட்டதுபோல இருந்தது என்று சொன்னால் பொய். ராத்தா இருந்த இடத்தில் அவளைப்போல ஒருமுறை இருக்கவேண்டும் என்று எனக்கே தோன்றியது. பாதை நகர்ந்தது. கயிறு முனகியது. நடு வாவிக்கு வந்தோம்.

சுருட்டியிருந்த திரை என் முகத்துக்கு முன்னால் விழுந்தது.

டப்.

கீழிருந்து முதல் பொத்தான்.

டப்.

வெளியே வெயில். கித்தானில் ஒரு கையின் நிழல். அவசரமில்லாமல் ஒவ்வொரு பொத்தானாக ஏறி வந்தது.

மச்சானுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எப்படியோ தெரிந்துவிட்டது, என்னைப் பூட்டி வைத்து அதே தண்ணீரில் தள்ளப்போகிறார் என்று நினைத்தேன். நியாயம்தானே. ஆறாவது பொத்தானும் பூட்டப்பட்டபோது நான் வாய்விட்டு அழுதேன்.

"மச்சான், நான்தான் பூட்டினன். நீங்க இல்ல. கதவுப் பக்கம் ஏழையும் நான்தான் பூட்டினன். கார் மிதந்தநேரம் திறக்காம நிண்டதும் நான்தான். பயத்தில சொல்லாம விட்டுட்டன். என்னை மன்னிச்சிருங்க."

கை நின்றது.

ஏழாவது பொத்தான்மேல் அது நின்ற நேரத்தில் தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை.

பிறகு திறக்கத் தொடங்கியது. ஆறாவது. ஐந்தாவது. அதே அவசரமில்லாத விரல்கள். கடைசிப் பொத்தானுக்கு முன் கித்தான் உள்ளே வந்து என் மூக்கை ஒருமுறை நெருக்கியது.

திரை விலகியது. வெளியே யாரும் இல்லை.

மச்சான் முன்பக்கத்தில், முதுகைக் காட்டியபடி, இரண்டு கையும் கட்டையில் இருக்கக் குந்தியிருந்தார். கோணாமலை கயிற்றில். என் அழுகை அவர்களுக்குக் கேட்கவே இல்லை.

பாதை முட்டியது. கார் அசையவில்லை. மச்சான் ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன? என்ன நடந்த?"

"ராத்தா வந்தா. திரையைப் பூட்டினா. மறுகா தானே திறந்துவிட்டா."

மீதியைச் சொல்ல வாயெடுத்தேன். அல்லாஹ் அறிய, வாயெடுத்தேன். அதற்குள் அவர் மண்டியிட்டுக் காரின் கதவில் நெற்றியை வைத்துவிட்டார். வாய்விட்டு அழுதார்.

"என்னை மன்னிச்சிட்டா" என்றார். "நஸீறா, அவ என்னை மன்னிச்சிட்டா."

மூன்று வருடத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் கண்டேன். திரும்பி வருகிறபோது மூன்றாம் கியர் போட்டார், பித்தளைப் பாம்பை அமுக்கினார், பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள். அந்தச் சிரிப்பைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான்.

அன்று மாலையே தொடங்கியது. குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால், காதுக்குக் கிட்ட, ராத்தாவின் குரல். கோபமே இல்லை. சோறு வெந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி.

"சொல்லிட்டியா கா?"

திரும்பினால் யாரும் இல்லை. நிலத்தில் மட்டும் கொஞ்சம் வாவித் தண்ணீர்.

கொட்டிலில் திரை அதற்குப் பிறகு ஒருநாளும் பூட்டியிருக்கவில்லை. ஆனால் அஸர் பாங்கு முடிந்ததும் அந்தக் கேள்வி வரும். யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் கார் கொட்டிலில் முடங்கியபோதும் வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதும் வந்தது. முதலில் ஓடினேன். பிறகு அழுதேன். பிறகு பழகிவிட்டது, "நாளைக்குச் சொல்றன் ராத்தா" என்று பதில் சொல்லத் தொடங்கினேன். ஏழு வருடத்தில் எத்தனை நாளை.

இந்த வருடம், 1946 மாசியில், மச்சானுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் அறிவு தெளிந்து என் கையைப் பிடித்தார்.

"பயப்படாத" என்றார். "நான் போய் முதல்ல உன்ட ராத்தாவைத்தான் பாப்பன். அண்டைக்கு நேர கேக்க ஏலாமப் போன மன்னிப்பை நேர கேப்பன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் கை என் கையில்தான் இருந்தது. சொல்லவில்லை. விடியற்காலை, சுபஹுக்கு முன் போய்விட்டார்.

கணவனை இழந்தவளாக நான் இத்தாவில் உட்கார்ந்தேன். நான்கு மாதமும் பத்து நாளும், வெள்ளைப் புடவையோடு, இந்த அறையின் திரையைத் தாண்டக்கூடாது. முதல் முப்பத்தொன்பது நாளும் அஸருக்குப் பிறகு ஒரு குரலும் வரவில்லை. கேட்க இனி என்ன இருக்கிறது, ராத்தா என்னை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

நாற்பதாம் நாள் மச்சானுக்காகக் கத்தம் ஓதினார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். உம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் கிணற்றடியில் கேட்டது. பாங்கு முடிந்தது. அறைக்குள் சேற்று வாசம் வந்தது.

"நானே சொல்லிட்டன் கா."

எப்போதும்போல, கோபமே இல்லாத குரல்.

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ நிலத்தில் குந்துகிற சத்தம் கேட்டது. பிறகு ஓர் ஆண் அழுதார். அந்த அழுகையை நான் அக்கரைத் துறையில் கேட்டிருக்கிறேன்.

"மச்சான்" என்று கூப்பிட்டேன்.

அழுகை நின்றது. ஆனால் எழுந்து போகவில்லை. திரையின் அடியில் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. இத்தா முடிய இன்னும் எண்பது நாள் கிடக்கிறது.